உடைகரை

நெய்தல் மாநிலச் சட்டப்பேரவைச் செயலகத்தில் அறவாழி என்றொரு பிரிவு அலுவலர் இருந்தார். இருபத்தெட்டு வருடமாக அவர் பார்த்துவந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: அவசரம் என்று ஓடிவருகிறவர்களிடம், இது அவசரமில்லை என்று நல்ல தமிழில் எழுதிக் கொடுப்பது.

சும்மா எழுதிவிட முடியாது. விதி 58 இருக்கிறது. பேரவையின் அன்றாட வேலைகளை ஒத்திவைத்துவிட்டு ஒரு பொருளை உடனே விவாதிக்க வேண்டுமென்று உறுப்பினர் எவரும் கேட்கலாம். காலை ஒன்பது மணிக்குள், மூன்று படிகளில், மூன்றிலும் கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும். கேட்கிற பொருள் ஒரே பொருளாக இருக்க வேண்டும். 'அண்மையில் நிகழ்ந்த' பொருளாக இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கக் கூடாது. அதே கூட்டத்தொடரில் ஏற்கெனவே விவாதிக்கப்பட்டிருக்கக் கூடாது. இத்தனையும் சரியாக அமைந்து, பேரவைத் தலைவருக்கும் மனமிருந்தால், அவசரம் அவசரம்தான். இருபத்தெட்டு வருடத்தில் அப்படி ஏற்கப்பட்ட அவசரங்கள் இரண்டு. ஒன்று, முன்னாள் பேரவைத் தலைவர் ஒருவரின் சிலைக்கு மூக்கு உடைந்தது. மற்றது, அந்த மூக்கைக் கோணலாக ஒட்டியது.

அறவாழியின் மறுப்புகளுக்குச் செயலகத்தில் தனி மரியாதை உண்டு. ஒரு வாந்திபேதி அறிவிப்புக்கு, 'பொருளின் அவசரம் நாளடைவில் தானே தணியும் இயல்புடையது' என்று அவர் எழுதியதை இன்றைக்கும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் படித்துக் காட்டுகிறார்கள். தணிந்ததும் உண்மைதான். நோயாளிகள் தீர்ந்துபோனார்கள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிரிவுக்கு, ஆறு வருடத்துக்கு முன்னால் 'முன்னறி' வந்து சேர்ந்தது.

முன்னறி ஓர் இயந்திரம். மாநிலம் முழுக்க மண்ணிலும் மதகிலும் பாலத்திலும் மின்கம்பத்திலும் பதித்த உணரிகளிலிருந்து சேதி வாங்கும். மழை எங்கே பெய்யும், மனிதர்கள் எங்கே கூடுவார்கள், எந்த அதிகாரி எந்தக் கோப்பை எத்தனை நாள் வைத்திருப்பார் என்பதுவரை எல்லாவற்றையும் சேர்த்துக் கணித்து, அடுத்த நான்கு நாளில் எது உடையும், எது சாயும், எத்தனை பேர் சாவார்கள் என்று மணி நிமிடத்தோடு சொல்லிவிடும். நிலைமை மாறினால் திருத்திய தாள் அனுப்பும். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு முறை சொல்லியிருக்கிறது. தவறியது ஒருமுறைதான். ஓர் அமைச்சர் சொன்ன நேரத்துக்கு விழாவுக்கு வந்து சேர்வார் என்று அது நம்பிவிட்டது.

முதல் வருடம் அது சொன்னதையெல்லாம் அப்படியே மக்களுக்குச் சொன்னார்கள். அப்போது புதுப்பாலம் ஒன்றைப் பற்றி, திறந்த அரைமணி நேரத்தில் விரிசல் விடும் என்று சொல்லிவிட்டது. அமைச்சர் கத்திரிக்கோலோடு போய் இறங்கியபோது அங்கே மாலை கட்டுகிறவரைத் தவிர ஒருவரும் இல்லை. அவரும் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வாரமே சட்டம் வந்தது. முன்னறி சொல்வது இனி ரகசியம். தொகுதி உறுப்பினருக்கும் பேரவைச் செயலகத்துக்கும் மட்டும் உறையிட்டு வரும். பேரவை அதை அவசரப் பொருளாக எடுத்துக்கொண்டு, தலைவர் 'ஏற்கப்பட்டது' என்று சொன்னால், மறுநொடியே அந்த ஊரின் கைபேசிகளிலெல்லாம் சங்கு ஊதும். ஆட்களை ஏற்றிப்போகப் பேருந்துகள் வரும். அதற்கு முன்னால் யார் வாயைத் திறந்தாலும் பீதி பரப்பிய குற்றம், ஏழு வருடச் சிறை. மக்களுக்குச் சொல்ல வேண்டியதை மக்கள் மன்றம்தான் சொல்ல வேண்டும் என்று முதலமைச்சர் குரல் தழுதழுக்கப் பேசினார். சட்டம் பதினொரு நிமிடத்தில் நிறைவேறியது. விவாதம் இல்லை.

அன்றிலிருந்து முன்னறி சொல்லிக்கொண்டே இருந்தது. அறவாழி மறுத்துக்கொண்டே இருந்தார்.

*

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பத்து நான்குக்கு அவருடைய மேசைக்கு முன்னால் வந்து நின்றவர் அணைப்பாடித் தொகுதியின் சுயேச்சை உறுப்பினர் பவளக்கொடி. போன வருடம்வரை ரேஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவர். சரியாக எடை போட்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஜெயித்தவர் என்று ஊரில் சொல்வார்கள்.

"ஒன்பதாக ஆறு நிமிசம் இருக்கு சார். மூணு காப்பி. மூணுலயும் கையெழுத்து இருக்கு, பாத்துக்குங்க."

அறவாழி பார்த்தார். பெருமாத்தூர் ஏரிக்கரை வியாழக்கிழமை பிற்பகல் 3.40க்கு மூன்றாம் மதகுக்குப் பக்கத்தில் உடையவிருப்பது குறித்து உடனே விவாதிக்க வேண்டும். அவருக்கும் காலையிலேயே உறை வந்திருந்தது. இறப்பு: அறுபத்தொன்று.

தாளை இயந்திரத்தில் செருகினார். அறிவிப்புகளின் சொற்களைச் சரிபார்க்கிற இயந்திரம் அது. அதற்கு நீளமாக அரசுப் பெயர் ஒன்று உண்டு. ஊழியர்கள் வைத்த பெயர் சல்லடை. சிவப்பு விளக்கு எரிந்தது. 'காலம்: எதிர்காலம்.'

"அம்மா, விதியில 'நிகழ்ந்த'ன்னு இருக்கு. இது இன்னும் நிகழல."

"நிகழ்ந்துருச்சுன்னா நான் எதுக்கு சார் இங்க ஓடியாரேன்? மாலை வாங்கிட்டு நேரா சுடுகாட்டுக்குல்ல போவேன்."

"ஒருவேளை உடையாமப் போயிட்டா?"

"முன்னறி பொய் சொல்லுமா?"

"சொல்லாது. ஆனா விதிக்கு முன்னறியத் தெரியாதும்மா. விதி அதுக்கெல்லாம் முன்னாடியே எழுதுனது."

பவளக்கொடி அவரை ஏற இறங்கப் பார்த்தார். தராசு முள்ளைப் பார்த்துப் பழகிய கண். "அப்ப உடைஞ்சதுக்கப்புறம் கொண்டாந்தா எடுத்துப்பீங்க?"

"கட்டாயம். அப்ப அது அண்மையில் நிகழ்ந்தது ஆயிருமே."

சொல்லிவிட்டு அறவாழி மறுப்பை எழுதினார். 'கற்பனைப் பொருள்.' வழக்கமாக இன்னும் இரண்டு வரி அழகாகச் சேர்ப்பார். அன்றைக்கு ஏனோ வரவில்லை.

செவ்வாய்க்கிழமையும் அந்த அம்மா அதே நேரத்துக்கு வந்தார். இந்தமுறை தாளில், 'பெருமாத்தூர் ஏரிக்கரை குறித்து முன்னறி நேற்று எச்சரித்தது பற்றி' என்று இருந்தது. சல்லடையில் பச்சை எரிந்தது.

"எச்சரிச்சது நேத்து நிகழ்ந்துச்சுல்ல சார்?" என்றார்.

அறவாழிக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார். "முன்னறி சொன்னது ரகசியம்மா. அவை ஏத்துக்காத தாளை அவையில சொல்லக் கூடாது."

"அவையில சொல்லாம அவை எப்படி ஏத்துக்கும்?"

"ஏத்துக்காது."

பவளக்கொடி சிரித்துவிட்டார். "இந்தச் சட்டத்த எழுதுன ஆளு வீடு கட்டுனா அதுக்குக் கதவு வைப்பாரா சார்?"

*

புதன்கிழமை அவர் அறிவிப்புக் கொண்டுவரவில்லை. மதியம் செயலகத்து உணவகத்தில் அறவாழியும் அவருடைய பிரிவு உதவியாளர் மைமூனும் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தபோது, கையில் உணவுச் சீட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தார். கண்கள் இடுங்கிக் கிடந்தன.

"ஊருக்குப் போயிட்டு வந்தேன் சார். சொல்லிட்டேன்."

மைமூன் கரண்டியைக் கீழே வைத்தார். "அம்மா, அது குத்தமாச்சே."

"குத்தம்தான். நேத்து சாயங்காலம் ஊர் நடுவுல நின்னு, வியாழக்கிழமை யாரும் கரைப்பக்கம் இருக்காதீங்க, கரை உடையப் போகுதுன்னு சொன்னேன். கால்மணி நேரம்கூட ஆவல. எல்லார் போன்லயும் சேதி வந்துருச்சு. பெருமாத்தூர் ஏரிக்கரை உறுதியாக உள்ளது, வதந்திகளை நம்பாதீர். கீழ நீர்வள அமைச்சர் பூவராகன் கும்பிட்டுக்கிட்டு நிக்கிற படம். பூரா சனமும் போனைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு. ஒரு கெழவர் கேக்குறாரு, ஏம்மா, அடுத்த தேர்தலுக்கு இன்னும் நாலு வருசம் இருக்கே, இப்பவே என்ன அவசரம்னு."

"வழக்கு?"

"போட்டாச்சு. நான் ஊரைத் தாண்டுறதுக்குள்ள போட்டுட்டாங்க. அதுல மட்டும் என்னா வேகம்." தண்ணீரைக் குடித்தார். "தாள்ல அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. யாரு எவருன்னு போடல. பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் கரையடி வீடுங்களை ஒவ்வொண்ணா நெனச்சு எண்ணிக்கிட்டே வந்தேன் சார். நாப்பதுக்கு மேல எண்ண முடியல. ரேஷன் கார்டு நம்பரோட எனக்கு எல்லாரையும் தெரியும்."

"உங்க வீட்டாளுங்க?"

"வீடு மேட்டுல. கொழுந்தன் தனபாலு மட்டும் வியாழச் சந்தையில கருவாட்டுக் கடை போடுவான். சந்தை கரையடியிலதான். அவனையாவது வராதேன்னு சொன்னா, சரக்கு எடுத்தாச்சு அண்ணிங்குறான். ரெண்டு மணிக்குச் சந்தை கலைஞ்சுரும், அவன் தப்பிச்சுருவான். மத்தவங்களத்தான்..."

மைமூன் எதையாவது செய்ய வேண்டுமே என்பதுபோல, தன் டப்பாவிலிருந்த மாங்காய் ஊறுகாயில் ஒரு துண்டை எடுத்துப் பவளக்கொடியின் தட்டில் வைத்தார். இன்னொன்றை அறவாழியின் தயிர்சோற்றில் வைத்தார்.

அறவாழி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊறுகாய். ஏழாம் வகுப்பில் இதே ஊறுகாய்க்காகப் பெஞ்சு மேல் ஏறி நின்றிருக்கிறார். ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய். மூன்று காலத்துக்கும் பொதுவாக நின்று, எந்தக் காலத்தையும் வெளியே காட்டாத சொல். அதன் பெயர் வினைத்தொகை. அன்றைக்குத் தெரியாமல் நின்றார். இன்றைக்குத் தெரிந்து உட்கார்ந்திருந்தார்.

"உடைகரை" என்றார்.

"என்ன சார்?"

"உடைந்த கரை. உடைகிற கரை. உடையும் கரை. எல்லாம் ஒரே சொல்லுல. சல்லடையால காலத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எதிர்காலம்னு யாராலயும் தள்ளவும் முடியாது."

செயலக ஊழியர் உறுப்பினருக்கு எழுதிக் கொடுப்பது வேலைக்கே உலை வைக்கிற குற்றம். மைமூன் அதை ஞாபகப்படுத்துவதுபோலத் தொண்டையைச் செருமினார். பிறகு தன் பேனாவை அவரே எடுத்து நீட்டினார்.

பிரிவுக்குத் திரும்பிவந்து அறவாழி மாலைவரை செதுக்கினார். கடைசியில் ஒரே வரி நின்றது: 'பெருமாத்தூர் உடைகரை குறித்து அவையின் அலுவல்களை ஒத்திவைத்து விவாதித்தல்.' சல்லடையில் செருகினார். அது வழக்கத்தைவிட நீண்ட நேரம் முனகியது. 'காலம்: புலப்படவில்லை.' பச்சை எரிந்தது. இருபத்தெட்டு வருடத்தில் அவர் முதன்முறையாக ஓர் அறிவிப்பை உள்ளே விடுவதற்காக எழுதியிருந்தார். உணவுச் சீட்டின் பின்பக்கத்தில் அந்த வரியைப் படியெடுத்து மைமூனிடம் கொடுத்தனுப்பியபோது மணி நாலே முக்கால்.

ஐந்து நிமிடம் கழித்து முன்னறியிடமிருந்து புது உறை வந்தது. திருத்திய தாள். இடம் அதே. நேரம் அதே. இறப்பு: எண்பத்து மூன்று.

மேற்கே மழை கூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, தேதி முத்திரை குத்திக் கோப்பில் வைத்தார்.

*

வியாழக்கிழமை காலை பத்து இருபதுக்குப் பேரவைத் தலைவர் அந்த வரியைப் படித்தார்.

பேரவைத் தலைவர் புலவர் நெடுஞ்சேரலன், அரசியலுக்கு வருமுன் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய மாணவர்கள் பலர் அதற்குப் பிறகு வேறு பாடத்துக்கு மாறிப்போனார்கள். தாளைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்து, தள்ளி வைத்து, மறுபடி நெருக்கமாக வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"உடைகரை" என்று வாய்நிறையச் சொன்னார். "இந்த மன்றத்தில் இப்படியொரு சொல் ஒலித்து எத்தனை ஆண்டுகளாயிற்று. மாண்புமிகு உறுப்பினர் ரேஷன் கடையிலிருந்து வந்தவர் என்று சிலர் ஏளனம் செய்தார்கள். அவர்கள் வெட்கப்பட வேண்டும்."

கீழே, செயலர் மேசையில் விதிப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அறவாழி தலையைத் தூக்கினார். அந்த ஒரு சொல் வரப்போகிறது. ஏற்கப்பட்டது. அதைச் சொன்னால் போதும்.

"ஆயினும்" என்றார் தலைவர். "இதை ஏற்பதற்குமுன், இச்சொல் வினைத்தொகைதானா என்பதில் அவை தெளிவடைய வேண்டும்."

முதலில் எழுந்தவர் எதிர்க்கட்சித் தலைவர். இது வினைத்தொகை என்பதைத் தங்கள் கட்சி உயிரைக் கொடுத்தும் நிலைநாட்டும் என்றார். ஆனால் 'உடைந்த' என்று பிரிக்கக் கூடாது, 'உடைத்த' என்று பிரிக்க வேண்டும் என்றார். உடைத்தது யார் என்று நாடறியும்.

நீர்வள அமைச்சர் பூவராகன் எழுந்தார். உடைப்பது என்ற பேச்சே இல்லாத ஒரு கரைக்கு உடைப்பதைக் குறிக்கும் சொல்லைச் சூட்டுவது இலக்கணப் பிழை மட்டுமல்ல, நன்றிகெட்டத்தனமும் ஆகும் என்றார். அந்தக் கரையைப் பலப்படுத்திய நாளில் அவரே அதன்மேல் நடந்திருக்கிறார். கரை அவரைத் தாங்கியிருக்கிறது. மேசைகள் தட்டப்பட்டன.

பவளக்கொடி எழுந்தார். "தலைவர் அவர்களே, இன்னிக்கு மத்தியானம் மூணு நாப்பதுக்கு..." ஒலிவாங்கி அணைந்தது. அவை ஏற்காத தாளைக் குறிப்பிட்டால் ஒலி தானே அணைந்துவிடும். சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. அவருடைய வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நேரலைப் படம் ஓடிக்கொண்டேயிருந்தது.

பதினொன்றரைக்கு ஆளுங்கட்சிக் கொறடா கலியபெருமாள் ஆவேசமாக எழுந்து வேட்டியைத் தூக்கிக் காட்டினார். "உடை என்றால் என்ன? உடுத்துவது. கரை என்றால் என்ன? இது. எங்கள் கட்சி வேட்டியின் கரை. எங்கள் கட்சிக் கரையை உடைகரை என்று பெயரிட்டு அவையில் கேவலப்படுத்தியிருக்கிறார்கள். உரிமை மீறல் கொண்டுவருகிறேன்."

எதிர்க்கட்சிக்காரர்களும் தங்கள் வேட்டிக் கரைகளைத் தூக்கிக் காட்டினார்கள். வேட்டி கட்டாத உறுப்பினர்கள் எதைத் தூக்குவதென்று தெரியாமல் நின்றார்கள். பெண் உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். அவர்களைத் திரும்ப அழைத்து உட்காரவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்புறம் உணவு இடைவேளை.

இரண்டு மணிக்குக் கூடியதும் தலைவரே பேசினார். தொகையும் விரியும் பற்றி, அன்மொழி பற்றி, தம்முடைய ஆய்வேட்டைக் குறைத்து மதிப்பிட்ட ஒரு தேர்வாளரைப் பற்றி. அவருடைய நாற்பது வருட ஏக்கம் அன்றைக்குத் தீர்ந்துகொண்டிருந்தது. முதன்முறையாக அவர் பேசுவதை யாரும் எழுந்து போகாமல் கேட்டார்கள். அவைக் கதவுகள் சாத்தியிருந்தன.

சுவர்க் கடிகாரம் மூன்று பத்து காட்டியது. அறவாழி ஒரு தாளில், 'ஐயா, 3.40 மணிக்கு கரை உடைந்துவிடும். தயவுசெய்து' என்று எழுதி மேலே நீட்டினார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் மேலே தாள் நீட்டியதே இல்லை, கேட்டால்தான் கொடுப்பார். தலைவர் பேசிக்கொண்டே வாங்கினார். படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து ஏதோ எழுதி, புன்னகையோடு திருப்பிக் கொடுத்தார்.

'மணிக்கு' என்பதற்கும் 'கரை' என்பதற்கும் நடுவே ஒரு 'க்' போட்டிருந்தார். ஓரத்தில் சிறிதாக, 'ஒற்று மிகும்.'

மூன்றரைக்குத் தலைவர், தேநீருக்குப் பின் நான்கு மணிக்குத் தீர்ப்பு வழங்கப்படும் என்று அறிவித்தார். எல்லோரும் எழுந்தார்கள். பவளக்கொடி மட்டும் எழவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அறவாழியும் எழவில்லை. காலியான அவையில் இருவரும் பத்து நிமிடம் அப்படியே இருந்தார்கள். முள் நாற்பதைத் தாண்டியபோது எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பெருமாத்தூர் அங்கிருந்து நூற்றுப்பத்து மைல்.

நான்கு மணிக்குத் தலைவர் தீர்ப்பைப் படித்தார்.

"சற்றுமுன் கிடைத்த தகவலின்படி, மேற்படி கரை உடைந்துவிட்டது. முக்காலத்துக்கும் பொதுவாக நின்ற சொல், அதனால் இறுதியாக ஒரு காலத்தில் நின்றுவிட்டது. அதை இனி 'உடைந்த கரை' என்றே விரித்துச் சொல்ல இயலுமாகையால், வினைத்தொகை என்னும் தகுதியை அது இழக்கிறது. பிழையான சொல்லைத் தாங்கிய அறிவிப்பு தள்ளுபடி செய்யப்படுகிறது."

மேசைகள் தட்டப்பட்டன. பிறகு இரண்டு நிமிடம் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள்.

*

வெள்ளிக்கிழமை எட்டு ஐம்பத்து நான்குக்குப் பவளக்கொடி வந்தார். புடவையில் முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. மூன்று படிகளை மேசைமேல் வைத்தார்.

'பெருமாத்தூர் ஏரிக்கரை நேற்று உடைந்தது குறித்து.'

"திங்கக்கிழமை சொன்னீங்கள்ல சார். உடைஞ்சப்புறம் கொண்டாங்கன்னு. உடைஞ்சுருச்சு."

மைமூன் நாற்காலியை இழுத்துப் போட்டார். பவளக்கொடி உட்காரவில்லை.

"எம்பத்து மூணு பேரு. மொதல்ல அறுபத்தொண்ணுன்னுதானே போட்டிருந்துச்சு, எப்படிக் கூடிச்சுன்னு அங்க போனப்புறம்தான் தெரிஞ்சுது. சந்தை கலையல சார். எப்பவும் ரெண்டு மணிக்குக் கலைஞ்சுரும். நேத்து டீக்கடை டிவியில சட்டசபை ஓடியிருக்கு. பெருமாத்தூரு, பெருமாத்தூருன்னு மணிக்கணக்கா எங்க ஊரு பேரச் சொல்றாங்க. சுதந்திரம் வாங்குன நாள்லேருந்து எங்க ஊரு பேரு அங்க வந்ததே கெடையாது. பக்கத்து ஊருக்காரனெல்லாம் பாக்க வந்துட்டான். தனபாலு கடையக் கட்டிட்டுக் கெளம்புனவன், திரும்பி வந்து பெஞ்சு எடுத்துப் போட்டு எல்லாரையும் உக்காரச் சொல்லியிருக்கான். நாலு மணிக்குத் தீர்ப்புன்னு சொன்னதும் ஒருத்தரும் எந்திரிக்கல."

அறவாழி கோப்பின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மைக்க அணைச்சாங்கள்ல, அப்ப சத்தம் வரல. வாய் மட்டும்தான் அசைஞ்சிருக்கு. அதப் பாத்துட்டு, அண்ணி என்னமா பேசுறாங்க பாருங்கடான்னு சொன்னானாம். பக்கத்துல இருந்து பொழச்சு வந்த பையன் சொன்னான்." படிகளை அவர் பக்கம் நகர்த்தினார். "இதையாவது எடுங்க சார். யாரு அந்தக் கரையப் போட்டா, யாரு உறுதியா இருக்குன்னு போன்ல சேதி அனுப்புனான்னு ஒரு தடவை அங்க கேட்டுரணும். மைக்கோட."

அறவாழி தாளை எடுத்தார். சல்லடைக்குள் செருகக் கை போனது. அதற்குள் மைமூன் தலைவர் அலுவலகத்திலிருந்து வந்த சிறு குறிப்பை அவர் முன்னால் நகர்த்தினார். முகத்தைத் திருப்பிக்கொண்டே நகர்த்தினார். அதில் ஒரு வரிதான் இருந்தது. இருக்க வேண்டியதே இல்லை. அறவாழிக்குத் தெரியாத விதியா? அதே கூட்டத்தொடரில் ஏற்கெனவே விவாதிக்கப்பட்டிருக்கக் கூடாது. பெருமாத்தூர் கரையைப் பற்றி நேற்று ஐந்து மணி நேரம் பேசியாயிற்று. அவைக் குறிப்பில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். தலைவர் அதைத் தனிநூலாகவே அச்சிடச் சொல்லிவிட்டார்.

"எடுக்க முடியாதும்மா" என்றார் அறவாழி. "விவாதிச்சாச்சுன்னு ஆயிருது."

பவளக்கொடி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று அறவாழி நினைத்தார். அவர் மேசையிலிருந்த மூன்று படிகளையும் ஒன்றாகத் தட்டி அடுக்கி, ஓரம் சேர்த்து வைத்தார். ரேஷன் அட்டைகளை அடுக்கிய பழக்கம்.

"எந்தக் காலத்துல எழுதிக் குடுத்தாத்தான் சார் உள்ள விடுவீங்க?"

வாசல்வரை போனவர் திரும்பினார்.

"சொல்ல மறந்துட்டேன். அன்னிக்கு வேலை போனாலும் பரவால்லன்னு அந்த வார்த்தைய எழுதிக் குடுத்தீங்க. இந்தக் கட்டடத்துல எனக்காக ஏதோ பண்ணுன ஒரே ஆளு நீங்கதான். ரொம்ப நன்றி சார்."

அவர் போன பிறகு அறவாழி கோப்பைத் திறந்து புதன்கிழமைத் தாளை எடுத்தார். இறப்பு: எண்பத்து மூன்று. மேல் மூலையில் திருத்திய நேரம் அச்சாகியிருந்தது. பிற்பகல் 4.46. உணவுச் சீட்டு அவர் கையைவிட்டுப் போன மறு நிமிடம். மேற்கே அன்றைக்கு மழையே இல்லை.

தாளைக் கவிழ்த்து வைத்தார். விசைப்பலகையை இழுத்துக்கொண்டு மறுப்பை அடித்தார். 'இதே கூட்டத்தொடரில் ஏற்கெனவே விவாதிக்கப்பட்ட பொருள்.' படித்துப் பார்த்தார். ஒற்றுப் பிழை இல்லை. சல்லடைக்குள் செருகினார்.

அது ஒருமுறைகூட முனகவில்லை. உடனே பச்சை விளக்கு எரிந்தது.

'காலம்: இறந்தகாலம். ஏற்கப்பட்டது.'